வடிவுக்கு இரண்டு நாள்

1

அன்றைக்குத் திருவல்லத்து ஆற்றுக் கடவில் இருந்தவர்கள் யார் யார் என்று முதலிலேயே எழுதிவிடுகிறேன். நான், என் மகள் கோமதி, ஊரிலிருந்து வந்த என் தம்பி மகன் இசக்கிமுத்து, பக்கத்து வீட்டு சாந்தம்மா, மந்திரம் சொல்லிக்கொடுத்த பூசாரி. ஐந்து பேர். எங்களைக் கொண்டுபோன ஆட்டோக்காரர் வெளியே டீக்கடையில் நின்றார், அவரைச் சேர்க்கவில்லை. சுற்றிலும் வேறு குடும்பங்கள் அவரவர் ஆட்களுக்குத் திதி செய்துகொண்டிருந்தார்கள். அவர்களும் கணக்கில் இல்லை.

இதை ஏன் இப்படிப் பிரித்துச் சொல்கிறேன் என்றால், ஊரில் வேறு மாதிரிப் பேச்சு நடப்பதாகக் கேள்விப்பட்டேன். பெண்டாட்டியின் முதல் வருசத் திதியை நான் நாள் தவறி மறுநாள் செய்தேனாம். கொள்ளி வைத்த பையனை ஓரத்தில் நிற்கவைத்துவிட்டு, பொம்பளைப் பிள்ளையை உட்காரவைத்தேனாம். இத்தனை வருசம் மலையாளத்துத் தண்ணீர் குடித்தால் அப்படித்தான் ஆகும் என்றும் ஒருவர் சொல்லியிருக்கிறார். காதில் விழுந்ததிலிருந்து எனக்கு நிலைகொள்ளவில்லை. கடையில் நின்று மூட்டையைப் பிரிக்கும்போதும் ஊர்க்காரர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், வாய்க்குள்ளே.

அந்த நேரம் பார்த்து நம் ஊர்ச் சங்கச் செயலாளர் போன் பண்ணி, ஆண்டு மலருக்கு ஊரைவிட்டு வெளியே போனவர்களின் அனுபவம் வேண்டும், நீங்களும் எழுதுங்கள் என்றார். நான் ஏழாவதோடு நின்றவன். திருவனந்தபுரத்துக்கு வந்த பிறகு நான் தமிழ் எழுதியதெல்லாம் சாக்குகளின் மேல்தான். மல்லி, வத்தல், சீரகம். ஆனாலும் சரி என்றுவிட்டேன். பிழை இருந்தால் அச்சடிக்கிறவர்கள் திருத்திக்கொள்ளட்டும்.

2

என்னைத் தெரியாத இளைஞர்களுக்காக: ஆரியசாலையில் ஒரு மொத்தப் பலசரக்குக் கடையில் சரக்கு எடுத்துக் கொடுக்கிறேன். கல்யாணமான புதிதில் என் பெண்டாட்டி வடிவைக் கூட்டிக்கொண்டு வந்தேன். முழுப் பேர் சண்முகவடிவு. தென்காசியிலிருந்து மலையைத் தாண்டினால் வந்துவிடுகிற ஊர்தான் இது. துபாய், சிங்கப்பூர் என்று போனவர்கள் இதையும் புலம்பெயர்தலில் சேர்க்கலாமா என்று சிரிக்கலாம். ஆபீசில் கொடுக்கிற காகிதத்தை நமக்குப் படிக்கத் தெரியவில்லை, பெற்ற பிள்ளைக்கு நம் எழுத்தைப் படிக்கத் தெரியவில்லை என்றால், அது எவ்வளவு தூரம் என்று நீங்களே சொல்லுங்கள்.

இன்றைக்கும் நான் மலையாளத்தில் ஒன்று கேட்டால் எதிரில் இருப்பவர் தமிழில் பதில் சொல்கிறார். அது மரியாதைதான். ஆனால் ஒவ்வொரு தடவையும் எனக்குள் ஏதோ கொஞ்சம் சுருங்கிப்போகும்.

வடிவு அப்படி இல்லை. வந்த வருசமே பேசக் கற்றுக்கொண்டாள். இட்லி மாவு ஆட்டி, எங்கள் சந்திலும் அடுத்த சந்திலும் வீடு வீடாகக் கொடுப்பாள். காசு பாக்கி வைத்தவர்களிடம் அவர்கள் பாஷையிலேயே சண்டை போட்டு, அவர்கள் பாஷையிலேயே சமாதானமும் ஆகிவிடுவாள். சாந்தம்மா முதலில் மாவு வாங்க வந்தவள்தான். பிறகு மாவு வாங்காத நாட்களிலும் வந்தாள்.

நான் பிறவியிலேயே பயந்தவன். பயப்படுவது என் வேலை, பார்த்துக்கொள்வது அவள் வேலை என்று எங்களுக்குள் பாகப்பிரிவினை நடந்திருந்தது. காலையில் வீட்டைப் பூட்டிவிட்டுச் சந்து முனை வரை போவேன். பூட்டினோமா என்று திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன். பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தும் சரியாகாத வியாதி. வடிவுதான் அதற்கு மருந்து கண்டுபிடித்தாள். நான் பூட்டும்போது பக்கத்தில் வந்து நின்று, "பூட்டியாச்சு. நான் பாத்தேன்" என்பாள். அவ்வளவுதான். நான் திரும்பிப் பார்க்காமல் கடைக்குப் போய்விடுவேன். நான் பார்த்ததை என்னால் நம்ப முடியாது. அவள் பார்த்ததை நம்பலாம்.

போன வருசம் ஆனி மழையில் காய்ச்சல் என்று படுத்தாள். நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரிக்குப் போய், திரும்பவில்லை. ஊரிலிருந்து நீங்கள் எல்லாரும் வேன் பிடித்து வந்தீர்கள். எங்களுக்கு ஆண்பிள்ளை இல்லாததால் இசக்கிமுத்து கொள்ளி வைத்தான். மயானத்து வாசலில் கோமதி என் தம்பியிடம், "சித்தப்பா, நான் செய்யட்டா?" என்று கேட்டாள். "பொம்பளைப் பிள்ளை அங்க வரப்படாது தாயி" என்று அவன் அன்பாகத்தான் சொன்னான். அவள் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். பிறகு ஒரு வருசம் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறக்காத பிள்ளையை நினைத்துத்தான் எனக்குக் கூடுதல் பயம்.

3

இறந்தவர் பேரை ரேசன் கார்டிலிருந்து எடுக்க வேண்டும் என்றார்கள். எடுக்காவிட்டால் போலீஸ் வருமோ என்று நான் பயந்து, லீவு போட்டு, கோமதியைக் கூட்டிக்கொண்டு சப்ளை ஆபீசுக்குப் போனேன். மரணச் சான்றிதழின் நகல் கேட்டார்கள், கொடுத்தோம். கார்டைக் கொண்டுவரச் சொன்னார்கள், கொண்டுபோனோம். வேறு நாள் வரச் சொன்னார்கள், போனோம். கடைசியில் உள்ளே இருந்த அம்மா கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, இந்த ஊரில் கார்டு வீட்டிலிருக்கும் மூத்த பெண்ணின் பேரில்தான் வரும், இதுவரை உங்கள் மனைவி, இனி மகள் என்றார். என்னிடம் தமிழில் சொன்னார். கோமதியிடம் மலையாளத்தில் கையெழுத்து வாங்கினார்.

புதுக் கார்டு வந்தது. முதல் பக்கத்தில் கோமதி பேர். உறுப்பினர் பட்டியலில் நான், உறவுமுறை: தகப்பன். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள், "இனிமே அரிசி வேணும்னா எங்கிட்ட கேக்கணும் அப்பா" என்று சிரித்தாள். வடிவு போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்கும் சிரிப்பு வந்தது. வீடு வந்து சேர்வதற்குள், சிரித்தது தப்போ என்று கவலையும் வந்துவிட்டது.

4

இனி நாள் விசயம். இதைத்தான் நீங்கள் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில் இரண்டு காலண்டர். ஒன்று என் மச்சினன் வருசாவருசம் கொடுத்தனுப்புகிற தமிழ் தேதிக் காலண்டர். இன்னொன்று சாந்தம்மா கொடுத்த மலையாளக் காலண்டர். நான் முதலாவதைத்தான் பார்ப்பேன். கோமதிக்கு முதலாவது படிக்கத் தெரியாது. வடிவு இரண்டையும் பார்ப்பாள்.

வடிவுக்குச் செய்யும் நாளை நான் நம் ஊர் ஜோசியரிடம் கேட்டு, ஆனி வளர்பிறைத் தசமி, செவ்வாய்க்கிழமை என்று என் காலண்டரில் வட்டம் போட்டிருந்தேன். இசக்கிமுத்துவையும் வரச் சொல்லியிருந்தேன். கோமதி லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன் என்றாள். அவள் ஒரு கண்ணாஸ்பத்திரியில் பில் போடுகிறாள், எளிதில் லீவு கிடைக்காது. கிடைத்ததே என்று நானும் மேற்கொண்டு கேட்கவில்லை. ஒரு மாதமாக இரண்டு பேரும் அந்த நாளைப் பற்றிப் பேசிக்கொண்டுதான் இருந்தோம். என்ன காய் வாங்க வேண்டும், யாரைக் கூப்பிட வேண்டும் என்றெல்லாம்.

முந்தின ஞாயிற்றுக்கிழமை அவள் காய்கறிப் பையைப் பிரித்துக்கொண்டே, செவ்வாய்க்கிழமை தனக்கு ஒரிக்கல் என்றாள். அப்படியென்றால் பலி, அதாவது இறந்தவருக்குச் சோற்று உருண்டை, போடுவதற்கு முந்தின நாள் விரதம், ஒரே ஒரு வேளைதான் சோறு. மறுநாள் புதன்கிழமை விடிந்ததும் திருவல்லத்தில் பலி, பணம் கட்டிச் சீட்டு வாங்கியாச்சு, சாந்தம்மா ஆன்ட்டியும் வரும் என்றாள்.

எனக்குத் தலை சுற்றியது. இங்குள்ளவர்கள் இறந்தவருக்கு நட்சத்திரம் பார்த்துச் செய்வார்கள். நாம் திதி பார்த்துச் செய்வோம். வடிவு இறந்த அன்றைக்குத் தசமியும் சோதி நட்சத்திரமும் ஒரே நாளில் இருந்தன. சோதி என்றால் நம் சுவாதிதான். இந்த வருசம் தசமி செவ்வாய்க்கிழமை வந்து போய்விட, சோதி மறுநாள் வந்தது. அவள் தன் காலண்டரில் புதன்கிழமையை வட்டம் போட்டிருந்தாள். இரண்டு வட்டமும் ஒரு மாதமாக ஒரே சுவரில் இருந்திருக்கின்றன. இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்தவள் வீட்டில் இல்லை.

லீவை மாற்ற முடியுமா என்று கேட்டேன். முடியாது என்றாள். சீட்டை மாற்ற முடியுமா என்று கேட்டேன். நாள் அதுதான், எதற்கு மாற்ற வேண்டும் என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்குள் கிடந்து அரித்ததை நான் கொட்டிவிட்டேன். ஒரு ஆத்மா எத்தனை நாள்தான் வரும்? செவ்வாய்க்கிழமை வந்து சாப்பிட்டுப் போனவள் புதன்கிழமை எதற்கு வருவாள்? இல்லை, புதன்கிழமைதான் என்று நினைத்துக்கொண்டு செவ்வாய்க்கிழமை வராமல் போய்விட்டால்? வருசத்துக்கு ஒரு வேளைச் சோறு, அதையும் நம் குழப்பத்தால் அவள் இழந்துவிட்டால்?

கோமதி வெண்டைக்காயைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அம்மாவுக்கு ரெண்டு பாஷையும் தெரியும் அப்பா. ரெண்டு நாளும் வரும்."

5

செவ்வாய்க்கிழமை விடியும்போதே மழை. கோமதி அரைநாள் அனுமதி கேட்டுக்கொண்டு சமைக்க நின்றாள். புளிக்குழம்பு, அவியல், வடை, பாயசம். வடிவுக்குப் பிடித்த மரச்சீனிக் கிழங்கும் பால் விடாத கட்டன் சாயாவும் படையலில் வைக்க வேண்டும் என்றாள். இதெல்லாம் நம் வழக்கத்தில் உண்டா என்று கேட்க வந்தவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தேயிலை டப்பாவை எடுத்துக் கொடுத்தேன்.

சோறு வடிக்கும் நேரத்தில் இசக்கிமுத்துவின் போன். அவன் லோடு வண்டி ஓட்டுகிறான். முந்தின நாள் ஏற்றிய லோடு புனலூர்ப் பக்கம் மழையில் மாட்டிக்கொண்டது. "வண்டி நவுர மாட்டேங்கு பெரியப்பா. நீங்க படைச்சிருங்க. லோடை இறக்கிட்டு எப்படியாவது காலையில அங்க நிப்பேன்" என்றான். அழுதுவிடுவான் போல இருந்தது. என் தம்பி அவனிடம், நீதான் முன்னால் நிற்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறான்.

ஆக, நானே இலை போட்டு, நானே படைத்தேன். ஊரில் சொல்வதைப் போல நாள் தவறவில்லை. தசமியில், உச்சிப்பொழுதில், படத்துக்கு முன்னால் செய்தேன். இதை அச்சில் அழுத்திப் போடவும்.

பிறகு காக்கைக்கு வைக்க மொட்டைமாடிக்குப் போனேன். மழை விடவில்லை. ஒரு கையில் குடை, ஒரு கையில் இலைத்துண்டில் சோறு. கூப்பிட்டுப் பார்த்தேன். எதிர்வீட்டுத் தென்னையில் இரண்டு காக்கைகள் கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன, அசையவில்லை. கைப்பிடிச் சுவரில் சோற்றை வைத்தால் மழை கரைக்கிறது. வைக்காவிட்டால் காக்கை எப்படி வரும்? கீழே போவேன், நினைப்பு வந்து மறுபடி மேலே வருவேன். கொள்ளி வைத்தவன் வராததால் கோபமோ? மறுநாள்தான் என்று அவளும் முடிவு பண்ணிவிட்டாளோ? கடைசியில் கோமதி வந்து என் கையைப் பிடித்து இறக்கினாள். "மழையில காக்கா எவிடந்து வரும்? வாங்க அப்பா, எனக்கு இந்த ஒரு நேரம்தான் சோறு" என்றாள்.

படையல் சோறுதான் அவளுக்கு அன்றைய விரதச் சோறாகவும் ஆனது. அது எனக்குக் கொஞ்சம் சமாதானம். சாயங்காலம் வரை நான் மாடிப்படியில் ஏறி இறங்கியதைச் சாந்தம்மா ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

6

புதன்கிழமை மழை விட்டிருந்தது. கிழக்கேகோட்டையில் பஸ்ஸைவிட்டு இறங்கிய இசக்கிமுத்து, வரும் வழியிலேயே வாங்கிய புது வேட்டியோடு நின்றான். முகத்தில் தூக்கம் இல்லை. "நேத்து விட்டுட்டேன், இன்னைக்கு நான் வைக்கேன் பெரியப்பா" என்றான். ஆட்டோவில் கோமதி எனக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, சீட்டைக் கைக்குட்டைக்குள் மடித்து வைத்திருந்தாள். இவனுக்கு அவள் நினைப்பு தெரியாது, அவளுக்கு இவன் நினைப்பு தெரியாது. நடுவில் நான். திருவல்லம் வருவதற்குள் என் சட்டை வியர்வையில் நனைந்துவிட்டது.

இங்கே பெண்களும் பலி போடுவார்கள். ஆற்றில் முங்கி, ஈரத் துணியோடு வரிசையாக உட்கார்ந்து, ஆண்களைப் போலவே செய்வார்கள். இத்தனை வருசம் பார்த்திருக்கிறேன், அது அவர்கள் வழக்கம் என்று கடந்து போயிருக்கிறேன். கோமதி முங்கிவிட்டு வந்தாள். கரையில் இசக்கிமுத்துவும் முங்கிவிட்டுப் புது வேட்டியை இறுக்கிக்கொண்டிருந்தான். ஒரு சீட்டு, ஒரு இலை, ஒரு பலகை. இரண்டு பேரும் அப்போதுதான் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

பூசாரி என்னை நோக்கி, "ஆராணு பலி இடுன்னது?" என்றார். யார் பலி போடுகிறார்கள் என்று.

நான் ஊரில் உள்ள எல்லாரையும் நினைத்தேன். என் தம்பியை நினைத்தேன். மயானத்துக் கேட்டுக்குப் பக்கத்தில் நின்ற பிள்ளையை நினைத்தேன். வழக்கமாக இப்படிப்பட்ட சமயங்களில் நான் பக்கத்தில் திரும்பி வடிவின் முகத்தைப் பார்ப்பேன். அன்றும் திரும்பினேன். அங்கே சாந்தம்மா, காய்ந்த துண்டைப் பிடித்துக்கொண்டு, வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மோள்" என்றேன்.

"எங்கில் இரிக்கான் பற" என்றார் பூசாரி, உட்காரச் சொல்லுங்கள் என்று. என்னிடம் மலையாளத்திலேயே பதில் சொன்னார். இது எனக்கு அப்போது உறைக்கவில்லை, மறுநாள் கடையில் நிற்கும்போதுதான் உறைத்தது.

இசக்கிமுத்துவின் முகம் ஒரு நிமிசம் ஒருமாதிரி ஆனது உண்மைதான். அவன் அப்பாவுக்கு என்ன பதில் சொல்வான்? பிறகு வேட்டி நுனியைப் பிழிந்துகொண்டே சொன்னான்: "இரி பிள்ள, நீயே இரி. ரேசன் கார்டே உன் பேருல ஆயிட்டாம்லா, பின்ன நான் எங்க போயி பேச." கார்டு கதையை நான்தான் ஆட்டோவில் பேச்சுக்கு எதுவும் இல்லாமல் சொல்லியிருந்தேன். சாந்தம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோமதி சிரிக்காமல் உட்கார்ந்தாள். தூறல் மறுபடி பிடித்தபோது, அவள் தலைக்கு மேல் குடை பிடித்துக்கொண்டு நின்றவன் அவன்தான். ஓரத்தில் நிற்கவைத்தேன் என்று சொல்கிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பூசாரி மலையாளத்தில் சொல்லச் சொல்ல அவள் செய்தாள். எள்ளு, தண்ணீர், தர்ப்பை, சோற்று உருண்டை. எனக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. பேரும் நட்சத்திரமும் கேட்டார். "சண்முகவடிவு, சோதி" என்றாள். இலையைக் கொண்டுபோய்த் திட்டில் வைத்துவிட்டு, ஈரக் கையைத் தட்டினாள். இங்கே காக்கையை வாயால் கூப்பிடுவதில்லை, ஈரக் கையைத் தட்டித்தான் கூப்பிடுவார்கள்.

அந்தக் கடவுக் காக்கைகளுக்கு அதுதான் பிழைப்பு. யார் தட்டினாலும் வரும், ஒரு இலையை விட்டு இன்னொரு இலைக்குத் தாவும். இது எனக்குத் தெரியாதது அல்ல. ஆனாலும் நான் பார்க்கவில்லை. வராமல் போய்விட்டால் என்ன செய்வது என்று கண்ணை மூடிக்கொண்டு ஆற்றுப் பக்கம் திரும்பி நின்றேன். இறக்கைச் சத்தம் கேட்டதா, வேறு இலைக்குப் போனதா, ஒன்றும் தெரியவில்லை.

அவள் வந்து என் தோளைத் தொட்டாள். கை சில்லென்று இருந்தது.

"காக்கா தின்னாச்சு அப்பா. ஞான் கண்டு."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. அப்படியே நேராக ஆட்டோவுக்கு நடந்தேன்.

7

கவலை தீர்ந்துவிட்டது என்று எழுதினால் பொய். அடுத்த வருசம் தசமியும் சோதியும் எப்படி வருமோ என்று இப்போதே இரண்டு காலண்டர்காரர்களையும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். கோமதிக்கு வரன் பார்க்க வேண்டும், எந்தப் பாஷையில் பார்ப்பது என்று தெரியவில்லை. இசக்கிமுத்துவிடம் என் தம்பி இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். தம்பி இதைப் படித்தால், பையன் மேல் ஒரு தப்பும் இல்லை, சொன்னது நான்.

இன்னொரு விசயம் உங்களுக்கே தெரியும். எனக்குக் கடன் என்றால் சோறு இறங்காது. டீக்கடையில் சில்லறை இல்லை, நாளைக்குத் தாருங்கள் அண்ணாச்சி என்றால்கூட, ஓடிப்போய் மாற்றிக்கொண்டுவந்து கொடுத்துவிட்டுத்தான் மூச்சு விடுவேன். அன்றும் ஆட்டோக் கூலியை, சாந்தம்மா வாங்கி வந்த எள்ளு, பூ காசை, இசக்கிமுத்துவின் பஸ் செலவை எல்லாம் அங்கேயே தீர்த்தேன். சீட்டுக்குக் கோமதி கட்டிய பணத்தையும் வீட்டுக்கு வந்ததும் நீட்டினேன். பெண்டாட்டி காரியத்துக்குப் புருசன்தானே கட்ட வேண்டும்.

அவள் கையை நீட்டவில்லை. "அதை அப்பா தந்தா, அது அப்பா போட்ட பலி ஆயிடும்" என்றாள். ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாளும் நீட்டினேன், வாங்கவில்லை. மேசை மேல் வைத்தேன், அது என் சட்டைப் பைக்கே திரும்பி வந்தது. அப்புறம் நான் நிறுத்திக்கொண்டேன். இப்போது காலையில் நான் பூட்டும்போது அவள் செருப்பை மாட்டிக்கொண்டே, பூட்டியாச்சு, ஞான் கண்டு என்கிறாள். நான் சந்து முனை வரை போகிறேன். பாதி நாள் திரும்பி வருகிறேன். பாதி நாள் நேரே போய்விடுகிறேன்.

அந்தப் பாக்கி அப்படியே நிற்கிறது. நிற்கட்டும். என் மகளுக்கு நான் தர வேண்டியது: எண்பது ரூபாய்.